மாலை கழற்றும் நாள்

புகைப்பழக்கத்தை விடுவது எப்படி என்று பாடசாலை ஆண்டு மலருக்கு நான் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன். ‘மன உறுதியே மாமருந்து’ என்று தலைப்பு. அதை எழுதி முடிப்பதற்குள் ஏறத்தாழ ஒரு பாக்கெட் சிகரெட் தீர்ந்துபோனது. நுரையீரலைப் பற்றி உருக்கமாக எழுதிக்கொண்டிருந்த இடத்தில் நெருப்பு விழுந்து தாள் பொசுங்கியதால், அந்தப் பக்கத்தை மட்டும் இரண்டாம் முறை எழுதினேன். இரண்டாம் முறை இன்னும் உருக்கமாக வந்தது.

அந்தக் கட்டுரையை எடுத்துக்கொண்டுதான் ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் இருக்கும் என் மச்சினனுக்குப் புத்தி சொல்லப் போனேன். என் மனைவியின் தம்பி. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. கொழுந்து வாடும் வாசத்தையும் மீறி அவன்மீது சாராய வாசம் வீசும். ஈரல் வீங்கியிருக்கிறது, இனி ஒரு சொட்டுக்கூடக் கூடாது என்று பதுளையில் டாக்டர் சொல்லியிருந்தார். “நீங்க படிச்சவரு, நீங்க சொன்னா கேப்பான்” என்று மனைவி என்னை அனுப்பிவைத்தாள். லயத்தில் அவனுடைய வரிசைவீட்டு வாசலில் நின்று ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு மன உறுதியைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன்.

அவன் பொறுமையாகக் கேட்டான். பிறகு என் விரலைப் பார்த்தான்.

“மச்சான், மருந்து நல்ல மருந்துதான். நீங்க மொதல்ல குடிச்சுக் காட்டுங்களேன்.”

“என்னா சொல்ற?”

“நீங்க சிகரெட்ட விடுங்க. அன்னைக்கே நான் குடிய விட்டுர்றேன். நீங்க பத்த வச்சீங்கன்னா நானும் ஊத்திக்குவேன். சரியா?”

உள்ளே ரொட்டி தட்டிக்கொண்டிருந்த அவன் மனைவியின் கை நின்றது. அவள் என்னைப் பார்த்தாள். ஒரு மனிதனின் ஈரல் அந்த நிமிடத்திலிருந்து என் உதட்டில் தொங்க ஆரம்பித்தது.

மறுநாளே முயற்சியைத் தொடங்கினேன். கராம்பு மென்றேன், நாக்கு மரத்ததுதான் மிச்சம். வாய்க்கு வேலை கொடுத்தால் போதும் என்று ஒரு புத்தகத்தில் படித்துவிட்டு, வெலிமடை கரட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஆசிரியர் அறையில் கடித்தேன். “சேர், முயல் வளக்கிறீங்களா?” என்று சக ஆசிரியை கேட்டார். அன்று பின்னேரமே பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நின்று புகைத்தேன். மச்சினனுக்குச் செய்தி எப்படிப் போனதோ தெரியாது. அவனும் அன்று குடித்தான்.

கடைசியில் மாலை போடலாம் என்ற யோசனையைச் சொன்னது நான்தான். ஐயப்பனுக்கு மாலை போட்டுவிட்டால் மலைநாட்டில் எப்பேர்ப்பட்ட குடிகாரனும் நிறுத்திவிடுவான். டாக்டர் சொல்லியும் பொண்டாட்டி அழுதும் கேட்காதவன், கழுத்தில் அந்த மணி ஏறியதும் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டுக் கறுப்பு வேட்டியோடு நிற்பான். இதை எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். மாலையைக் கழற்றும் அன்று அதே ஆட்கள் எங்கே போவார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும். அதை யாரும் சொல்வதில்லை. விரதம் முடிவதற்குள் பழக்கமே மறந்துவிடும் என்று நான் கணக்குப் போட்டேன். இருவரும் ஒன்றாக மாலை போட்டோம்.

மாலை போட்டவனை எல்லோரும் ‘சாமி’ என்றுதான் கூப்பிட வேண்டும். மனைவி உட்பட. “சாமி, குப்பைய கொண்டுபோய்க் கொட்டிட்டு வாங்க” என்பாள். குளியல் பனிக்குளிரில், தூக்கம் தரையில். கால் தன்பாட்டில் என்னைப் பழைய கடைக்கு இழுத்துப்போகும். “சாமிக்கு என்னா வேணும்?” என்று கடைக்காரர் எழுந்து நின்று கேட்பார். கறுப்பு வேட்டியோடு சிகரெட் என்று சொல்ல வாய் வராது. “சூடம்” என்பேன். எங்கள் வீட்டுச் சாமியறையில் ஒரு சிறிய கோவிலுக்குப் போதுமான சூடம் சேர்ந்துவிட்டது.

ஆனால் மச்சினன் மாறிக்கொண்டிருந்தான். முகத்து வீக்கம் வடிந்தது. பஜனையில் அவன் குரல்தான் எடுப்பாகக் கேட்டது. அவன் மனைவி ஒருநாள் வாய்விட்டுச் சிரித்தாள். அவளுக்கு இத்தனை பல் இருப்பதை அன்றுதான் பார்த்தேன். அதைப் பார்த்ததிலிருந்து அவள் எதிரே வந்தால் நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஏனென்றால், நான் ஏற்கனவே ஒரு பாக்கெட் வாங்கி வைத்திருந்தேன். வேறு ஊர்க் கடையில், துண்டால் மாலையை மூடிக்கொண்டு. புத்தக அலுமாரியில் அகராதிக்குப் பின்னால் அது இருந்தது. திறக்கவில்லை. கழற்றும் அன்று ஒன்றே ஒன்று, பிறகு கிடையாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த ஒன்றுக்கு என்ன விலை என்பது எனக்குத் தெரியாமலில்லை.

பஜனை முடிந்து வரும்போது அவன் ஒருநாள் கேட்டான்.

“சாமி, கழட்டுனதுக்குப் பொறவு என்னா செய்யப்போறோம்?”

“ஏன் சாமி?”

“பயமா இருக்கு. இப்ப கழுத்துல இது கெடக்கு. அது இல்லேன்னா, கைய யாரு புடிக்கிறது?”

அந்தக் கேள்விக்கு உண்மையான பதில், எனக்கும் பயமாக இருக்கிறது என்பதுதான். அதைச் சொல்லியிருக்கலாம். அகராதிக்குப் பின்னால் இருப்பதையும் சொல்லியிருக்கலாம். நான் என் கட்டுரையின் கடைசிப் பத்தியை மனப்பாடமாகச் சொன்னேன். அவன் தலையை ஆட்டிவிட்டு நடந்தான்.

மாலை கழற்றிய அன்று கோவிலில் நல்ல கூட்டம். இந்தியாவில் சபரிமலைக்குப் போக முடியாதவர்கள் இங்கேயே இருமுடி இறக்கினார்கள். குருசாமி மாலையைக் கழற்றிக் கையில் தந்தபோது கழுத்து லேசாகிவிட்டது. பயப்படும்படியான லேசு. பூசை முடிவதற்குக்கூட நான் காத்திருக்கவில்லை. கோவில் மதிலுக்குப் பின்னால் போய், மடியில் கொண்டுவந்திருந்த அந்தப் பாக்கெட்டைப் பிரித்துப் பற்றவைத்தேன். முதல் இழுப்பில் தலை சுற்றியது, இருமினேன், கண்ணில் தண்ணீர் வந்தது. தண்ணீருக்கு நடுவே, மதில் ஓரத்தில் கறுப்பு வேட்டி கட்டிய ஒரு ஆள் நின்று பார்த்துவிட்டுச் சட்டென்று திரும்பிப் போவது தெரிந்தது. அந்தத் தோள் எனக்குத் தெரிந்த தோள்.

அன்னதானத்தில் மச்சினன் இல்லை. “அண்ணே, அவர பாத்தீங்களா?” என்று அவன் மனைவி கேட்டாள்.

“இங்கதான் எங்கயாவது இருப்பான்மா” என்றேன். வாயைத் துண்டால் மறைத்துக்கொண்டு.

பிறகு நான் ஸ்பிரிங்வெளிப் பக்கமே போகவில்லை. போன் வந்தபோது அவன் பதுளை ஆஸ்பத்திரியில் இருந்தான். இரத்தமாக வாந்தி எடுத்திருந்தான்.

மதில் பக்கத்து அந்தச் சிகரெட்டை நான் பாதியில் மிதித்து அணைத்திருந்தேன். அதற்குப் பிறகு தொடவில்லை. கடையைப் பார்த்தால் ஆஸ்பத்திரிக் கட்டில் தெரியும், மஞ்சள் பூத்த அவன் கண் தெரியும். உன் ஒரு இழுப்பு ஒருவனைச் சாய்த்துவிட்டது என்று யாரோ காதுக்குள் சொல்வார்கள். கட்டுரை எழுதியும் கரட் தின்றும் வராத மன உறுதி அப்படி வந்து சேர்ந்தது. அவன் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்த நாட்களில் எனக்கு மூச்சு சீராக வந்தது. ஒருநாள் ஆஸ்பத்திரிப் படியில் மூச்சிரைக்காமல் ஏறியபோது வெட்கத்தில் பாதியிலேயே நின்றுவிட்டேன்.

பிழைத்து வீட்டுக்கு வந்தான். இன்னொரு தடவை குடித்தால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். நான் இளநீர் வாங்கிக்கொண்டு போனேன். அவன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தான். அவன் மனைவி உள்ளே போகும்வரை காத்திருந்து சொன்னேன்.

“மச்சான், நீ மன்னிக்கணும். அன்னைக்கு மதிலுக்குப் பின்னால நான் பத்த வச்சத நீ பாத்துட்ட. நான் பேச்சு மாறினதாலதான் நீ போயிக் குடிச்ச. எல்லாம் என்னாலதான்.”

அவன் என்னைப் புரியாமல் பார்த்தான்.

“நானா? நான் எங்க மச்சான் பாத்தேன்? மாலைய கழட்டுன கையோட ஆட்டோ புடிச்சு பாருக்குப் போயிட்டேனே. அங்க போயி, கையப் புடிக்க உங்களத்தான் தேடுனேன்.”