என் நாத்தனாரின் கழுவாத கார்

நாத்தனாரைப் பற்றி அண்ணி நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் கேட்பவர்களுக்குச் சந்தேகம் வரும். வரட்டும். என் வீட்டுக்காரரின் தங்கையோடு நான் போடாத சண்டை இல்லை. மாடிக் கொடியில் யார் துணியை முதலில் காயப்போடுவது என்பதில் தொடங்கி, தொலைக்காட்சிச் சத்தம் வரைக்கும் முட்டிக்கொண்டிருக்கிறோம். ஆனால் அந்தக் கார் விஷயத்தில் அவள் செய்ததை நான் பக்கத்திலேயே நின்று பார்த்தவள். அதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

அவள் வாடகைக் கார் ஓட்டுகிறாள். புருஷனோடு ஒத்துவராமல் பிரிந்து வந்து, எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் இரண்டு அறைகளில் குடியேறினாள். தையல் கற்றுக்கொள், அண்ணன் கடையில் உட்கார் என்று ஆளாளுக்கு யோசனை சொன்னோம். கார்தான் ஓட்டுவேன் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். வாங்கும்போது கையெழுத்துப் போடப் போனவர் அண்ணன், அதனால் கார் அவர் பெயரில் பதிவானது. உழைத்துப் பணம் கட்டியது முழுக்க அவள். அந்தப் பெயரைப் பற்றி யாரும் பிறகு யோசிக்கவில்லை.

ஸ்டாண்டில் அவளுக்குப் ‘பளிங்கு’ என்று பெயர். சும்மா வைத்துவிடவில்லை. தினமும் காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் காரைக் கழுவுவாள். குழாயை நீட்டி அடித்து, சோப்பு போட்டு, துணியால் ஒற்றி எடுத்து, அதோடு விடாமல் பானெட்டைத் திறந்து இன்ஜினையும் துடைப்பாள். என் சமையலறை மேடையைக்கூட நான் அப்படித் துடைத்ததில்லை. கண்ணாடியில் யாராவது விரல் வைத்துவிட்டால் அந்த விரலை ஒரு பார்வை பார்ப்பாள் பாருங்கள், விரலுக்குச் சொந்தக்காரர் கையைப் பைக்குள் விட்டுக்கொள்வார்.

அப்படிப்பட்ட கார் ஒரு நாள் பாலத்தின் மேல் ஏறும்போது சூடேறி நின்றுவிட்டது. இன்ஜினைக் குளிர வைக்கும் கூலண்ட் டேங்க் காலி. அடுத்த தெரு மெக்கானிக் டேங்கை நிரப்பி, அடியில் படுத்து, மேலே குனிந்து, எல்லா ரப்பர் ஹோஸையும் தடவிப் பார்த்தார். எங்கும் ஈரம் இல்லை. சில வாரம் கார் சமர்த்தாக ஓடியது. பிறகு மறுபடியும் அளவு இறங்கியது. மறுபடியும் மெக்கானிக், மறுபடியும் ஈரம் இல்லை. அந்த மனிதர் கெட்டிக்காரர், பொய் சொல்லத் தெரியாதவர் வேறு. ஊரில் இருக்கிற வண்டிக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவருக்கு இந்த ஒரு கார் மட்டும் தண்ணி காட்டிக்கொண்டே இருந்தது.

மூன்றாவது தடவை அளவு இறங்கி, அதே பாலத்தில் கார் நின்றபோது பின்சீட்டில் டீச்சரம்மா இருந்தார். ஓய்வு பெற்ற ஆசிரியை. சிறுநீரகம் பழுதாகி, ஒன்றுவிட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொள்ள வேண்டியவர். அவரை அழைத்துப் போய்வருவது என் நாத்தனாரின் நிலையான வேலை. அன்றைக்கு அவர் பாலத்து வெயிலில் வேறு வண்டி கிடைக்கும்வரை காத்திருந்தார். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஆகியிருக்கலாம்.

என் வீட்டுக்காரர் அமைதியான ஆள். அன்று மாலை மெக்கானிக்கையும் வீட்டுக்கு அழைத்து வைத்துக்கொண்டு கேட்டார்.

“கடைசியா என்னதான் பண்ணலாம்?”

“இன்ஜினைப் பிரிச்சுப் பாக்கலாம் சார்,” என்றார் மெக்கானிக். “ஆனா அங்கதான் போகுதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்.”

என் வீட்டுக்காரர் தங்கையின் பக்கம் திரும்பினார். “போதும்மா. ஒரு உயிரைப் பின்னாடி உக்கார வச்சுக்கிட்டு இப்படி விளையாட முடியாது. ஞாயித்துக்கிழமை காலையில ஒருத்தர் வண்டி பாக்க வரார். பேசிட்டேன். சாவியைக் குடுத்துட்டு நம்ம கடைக் கல்லாவுல வந்து உக்காரு.”

“அதுக்குள்ள எங்க ஒழுகுதுன்னு நான் கண்டுபிடிச்சுட்டா?”

“இவராலயே முடியலையே.”

“கண்டுபிடிச்சுட்டா?”

“கண்டுபிடி. அப்ப பேசிக்கலாம்.”

மெக்கானிக் போன பிறகு அவள் என் சமையலறைக்கு வந்து தரையில் உட்கார்ந்தாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் அழவில்லை. நான் கொடுத்த டீயைக் குடிக்காமல் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

“கல்லாவுல உக்காந்தா நல்லாத்தான் இருக்கும் அண்ணி. தலைக்கு மேல ஃபேன் ஓடும். மதியம் சூடாச் சாப்பாடு வரும். ஆனா அது அண்ணனோட நாள். கார்ல ஏறி உக்காந்தா மட்டும்தான் அது என்னோட நாள்.”

 “டீ ஆறுது, குடி” என்றேன்.

“பழைய அட்டைப்பெட்டி ஏதாவது இருக்கா?” என்று கேட்டாள்.

இருந்தது. குளிர்பதனப் பெட்டி வந்த பெரிய அட்டை. அதைப் பிரித்து காருக்கு அடியில் விரித்து வைத்தோம். ஒரு சொட்டு விழுந்தாலும் அட்டையில் கறை தெரிந்துவிடும். மெக்கானிக் ஊற்றியிருந்த கூலண்ட் பச்சை நிறம், தப்பவே முடியாது. நல்ல யோசனை என்று நானே அவளை மெச்சினேன்.

மறுநாள் தண்ணீர்ச் சத்தம் கேட்டு விழித்தேன். கீழே ஓடிப் போய்ப் பார்த்தால், மகராசி காரைக் கழுவிக்கொண்டிருக்கிறாள். பாதித் தூக்கத்தில் எழுந்து வந்தவளின் கை தானாகக் குழாய்க்குப் போயிருக்கிறது. அட்டை ஊறிக் கூழாகிக் கிடந்தது.

“உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா? அட்டையைப் போட்டது நீ. அது மேலயே தண்ணி ஊத்தறதும் நீ. எது வண்டித் தண்ணி, எது குழாய்த் தண்ணின்னு இப்ப யாரு பிரிச்சுச் சொல்றது?”

எப்போதும் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுப்பவள் ஊறிய அட்டையையே பார்த்தாள். குழாயிலிருந்து தண்ணீர் அவள் காலில் கொட்டிக்கொண்டிருந்தது.

“அண்ணி, இதைத்தானே நான் தினமும் பண்றேன்.”

“எதை?”

“கழுவறதை. வண்டி நிக்கிறப்ப ராத்திரி ஒழுகியிருந்தா, விடியறதுக்குள்ள நானே தரையைக் கழுவி விட்டுட்டு, இன்ஜினையும் துடைச்சுட்டு, பளபளன்னு கொண்டுபோய் மெக்கானிக் முன்னாடி நிறுத்தறேன். அவருக்கு என்ன தெரியும்?”

 திருடன் வந்துபோன வீட்டை ஒவ்வொரு தடவையும் போலீஸ் வருவதற்குள் பெருக்கிக் கோலம் போட்டு வைத்திருக்கிறாள்.

அன்றிலிருந்து காரைக் கழுவுவதில்லை என்று முடிவெடுத்தாள். சொல்வது சுலபம். வாளியையும் துணியையும் என்னிடம் கொடுத்து, மாடியில் ஒளித்து வை, கேட்டாலும் கொடுக்காதே என்றாள். அடுத்த காலை வந்து கேட்டாள். நான் கொடுக்கவில்லை. முன் கண்ணாடியை மட்டுமாவது துடைக்க விடச் சொல்லி மூக்கால் அழுதாள். அதற்குக் கைக்குட்டை கொடுத்து அனுப்பினேன். ஸ்டாண்டில் மானம் போனது. “என்ன பளிங்கு, உடம்புக்கு முடியலையா?” என்று நிஜமான அக்கறையோடு விசாரித்தார்களாம். பின் கண்ணாடித் தூசியில் யாரோ விரலால் ஒரு அழுமூஞ்சி வரைந்து அனுப்பியிருந்தார்கள். அதையும் அவள் அழிக்கவில்லை.

புது அட்டை விரித்தோம். முதலில் ஒன்றுமே விழவில்லை. புழுக்கமான நாட்கள், அட்டை காய்ந்தே கிடந்தது. ஞாயிறு நெருங்க நெருங்க என் வீட்டுக்காரர் வாசலில் நின்று கழுத்தை நீட்டி அட்டையைப் பார்ப்பார், ஒன்றும் சொல்லாமல் உள்ளே போவார். அவர் ஏதாவது சொல்லியிருந்தால்கூடத் தேவலை. வெள்ளிக்கிழமை மழை வந்து காற்று மாறியது. சனிக்கிழமை விடியும்போது நல்ல குளிர்.

“அண்ணி, கீழ வாங்க.”

அட்டையின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை. அவள் குப்புறப் படுத்து டார்ச் அடித்தாள். இன்ஜினுக்குப் பின்பக்கத்தில் எங்கிருந்தோ வழிந்து வந்த ஒரு சொட்டு, விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. அது வழிந்த தடம் தூசியில் கோடாகத் தெரிந்தது. ஆனால் கோடு ஆரம்பிக்கும் இடத்துக்கு டார்ச் எட்டவில்லை. அவள் எழுந்து டேங்கை நிரப்பிக்கொண்டு, மெக்கானிக் கடை திறக்கும் நேரத்துக்கு நேராக அங்கே ஓட்டிப் போனாள். நானும் ஏறிக்கொண்டேன்.

அங்கே போய்ப் பார்த்தால் ஒரு சொட்டும் இல்லை, வழியில் மழைச் சேறு தெறித்து அந்தக் கோடும் மறைந்திருந்தது. மெக்கானிக் டேங்க் மூடிக்குப் பதிலாகக் கைப்பம்ப்பை மாட்டி, உள்ளே அழுத்தம் ஏற்றினார். மீட்டர் முள் அப்படியே நின்றது.

“பாத்தியாம்மா? காத்து இறங்கவே இல்ல.”

“இப்ப இன்ஜின் சூடா இருக்குண்ணே.”

“சூடா இருந்தாத்தானே பிரஷர் ஜாஸ்தி? அப்பதானே ஒழுகணும்?”

“காலையில ஜில்லுனு இருந்தப்ப ஒழுகுச்சு. என் வண்டியை நீங்க ஒரு தடவையாவது ஆறிப்போய்ப் பாத்திருக்கீங்களா?”

மெக்கானிக் யோசித்தார். போன மாதம் கார் இரவு முழுக்க அவர் கடையிலேயே நின்றது உண்மைதான். ஆனால் காலையில் அதை ஸ்டார்ட் செய்து, அடியில் இறங்கிப் பார்க்கும் குழி மேல் கொண்டுவந்து நிறுத்தி, கையைக் கழுவி டீ குடித்துவிட்டுத்தான் பார்த்திருக்கிறார். அவர் தலையைச் சொறிந்தார்.

“சரி, இங்க விட்டுட்டுப் போ. திங்கக்கிழமை பாப்போம். நாளைக்குக் கடை லீவு.”

“திங்கக்கிழமை வண்டியே இருக்காது. இத்தனை நாளா வண்டி உங்ககிட்ட வந்துச்சுல்லண்ணே? நாளைக்கு விடிகாலையில நீங்க வண்டிகிட்ட வாங்க. நான் சாவியே போட மாட்டேன்.”

அவர் முணுமுணுத்தார். ஆனால் வந்தார். ஞாயிற்றுக்கிழமை, வெளிச்சம் சரியாக வருவதற்குள், காதைச் சுற்றி மஃப்ளரோடு, பல்லைக் கடித்துக்கொண்டு வந்து இறங்கினார். என் வீட்டுக்காரர் வாயில் பிரஷ்ஷோடு வாசலில் நின்றார். இன்ஜின் கல்லாகக் குளிர்ந்திருந்தது. பம்ப்பை மாட்டி அழுத்தினார் மெக்கானிக்.

முள் ஏறியது. நின்றது. பிறகு மெதுவாக இறங்க ஆரம்பித்தது.

 மெக்கானிக் கம்பி முனையில் மாட்டிய சின்னக் கண்ணாடியை இன்ஜினுக்குப் பின்னால் நுழைத்தார். அவள் டார்ச்சைப் பிடித்தாள். கண்ணாடி அங்கும் இங்கும் திரும்பி ஓரிடத்தில் நின்றது. காருக்குள் சூடு கொடுக்கும் ஹீட்டருக்குப் போகிற ஹோஸ், குழாயோடு சேரும் இடம். அதைக் கவ்விப் பிடித்திருக்க வேண்டிய பழைய கிளிப்புக்கு அடியில் ஒரு பச்சை முத்து முளைத்து, பெரிதாகி, விழுந்தது. உடனே இன்னொன்று முளைத்தது.

“அடிப்பாவி,” என்றார் மெக்கானிக், ஹோஸைப் பார்த்து.

“நல்லாப் பாத்துச் சொல்லுங்கண்ணே.”

“நீயே பாரும்மா. கையும் களவுமாப் பிடிச்சுட்ட.”

அதோடு அவள் விடவில்லை. பம்ப்பைக் கழற்றி மூடியைப் போடச் சொல்லி, இன்ஜினை ஓட விட்டாள். சூடு ஏற ஏறச் சொட்டு மெலிந்தது, பிறகு நின்றே போனது. ரப்பர் சூட்டில் உப்பி குழாயை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது, குளிரில் சுருங்கி விட்டுவிடுகிறது. மெக்கானிக் இதை என் வீட்டுக்காரருக்கு விளக்கினார். அவர் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுக்காமலே தலையாட்டினார். மெக்கானிக் போய்த் தன் கடையைத் திறந்து புது ஹோஸும் கிளிப்பும் எடுத்து வந்தார். இன்ஜின் ஆறும்வரை எல்லோரும் காத்திருந்து, மாட்டி, மறுபடியும் பம்ப் அடித்தோம். முள் அசையவில்லை. நான் போய்த் துணி உலர்த்திவிட்டு வந்து பார்த்தேன், அப்போதும் அசையவில்லை. மெக்கானிக் அவளைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது.

அந்த நேரத்தில்தான் கார் வாங்க வந்தவர் கேட்டைத் திறந்துகொண்டு நுழைந்தார். தூசி படிந்த காரைச் சுற்றி வந்து முகம் சுளித்தார். மெக்கானிக் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் நடந்த கதை முழுவதையும் அவரிடம் சொல்லிவிட்டார்.

“அட, இப்ப ஒரு குறையும் இல்லையா? அப்ப இன்னும் நல்லதாப் போச்சு. நான் எடுத்துக்கறேன்,” என்றார் வந்தவர்.

“விக்கல,” என்றாள் என் நாத்தனார்.

“வண்டி சார் பேர்லதானேம்மா இருக்கு? சார்தானே பேசினார். சார் சொல்லட்டும்.”

அவள் முகம் சுண்டிப் போனது. அத்தனை நாள் தூசியைச் சுமந்தவள், அத்தனை கேலியையும் தாங்கியவள், அந்த ஒரு வார்த்தையில் சாவியைக் கைக்குள் மடக்கிக்கொண்டு அண்ணனைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவர் குடித்துக்கொண்டிருந்த டீ டம்ளரை வாசல் படியில் வைத்துவிட்டு, நிதானமாகத் திரும்பி வந்தார்.

“என் பேர்ல இருக்கு, ஆனா வண்டி அவளோடது. அவ இல்லைன்னுட்டா இல்லைதான். உங்களை அலைய விட்டதுக்கு மன்னிச்சுக்குங்க.”

வந்தவர் போய்விட்டார். மெக்கானிக் பம்ப்பைப் பையில் போடுகிற சாக்கில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். அவள் அண்ணன் எதிரே வந்தாள்.

“அப்ப பேரையும் மாத்திடு அண்ணா. நாளைக்கு இன்னொருத்தர் வந்து இதே மாதிரி கேக்கக் கூடாது.”

“பாக்கலாம்மா,” என்றார் என் வீட்டுக்காரர், எல்லா விஷயத்துக்கும் சொல்வது போல.

அவள் பக்கம் நின்று நான் ஒரு நாளும் பேசியதில்லை. அன்று என் வாய் என்னைக் கேட்காமலே திறந்தது.

“பாக்கலாம் எல்லாம் இல்ல. நாளைக்குக் காலையில நானும் வரேன். மூணு பேரும் போய் மாத்திட்டுத்தான் வரோம்.”

அவர் என்னைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே பக்கத்தில் நிற்பதை அவர் அதற்கு முன் பார்த்ததே இல்லை. “சரி” என்றார். மறுநாள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனோம், மாற்றினோம். காரின் புதுப் பதிவுப் புத்தகத்தில் தன் பெயரை அவள் சத்தமாக ஒரு தடவை வாசித்தாள். எனக்கு அழுகை வந்தது, அங்கேயே அழுதேன்.