என் மகளின் சுருதியை நான் ஏற்றிய நாள்

பிள்ளைகளே, என் சொந்த மகள் மேடையில் பாடும்போது அவள் குரல் உடைய வேண்டும் என்று ஆசைப்பட்டவன் நான். முருகன் என்னை அதிலிருந்து எப்படிக் காப்பாற்றினான் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன்.

எனக்குப் படிப்பு குறைவு. நாங்கள் குடியேறிய வெளிநாட்டு நகரில், ஒடாஹுஹு என்ற பகுதியில் ஒரு டயர்க் கடையில் வேலை. ஆனால் கிட்டார் வாசித்து, கன்ட்ரி என்னும் மேற்கத்திய நாட்டுப்புறப் பாட்டுப் பாடுவதென்றால் பைத்தியம். ஏவன்டேலில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மண்டபத்தில் மாதம் ஒரு ஞாயிறு கன்ட்ரி இசைக் கழகம் கூடும். அங்கத்தவர்கள் ஆளுக்கு இரண்டு பாட்டுப் பாடலாம். அழைக்கப்பட்ட பாடகர் மட்டும் எட்டுப் பாட்டுப் பாடுவார். ஒன்பது வருடம் இரண்டு இரண்டாகப் பாடினேன். என்னை ஒருவரும் அழைக்கவில்லை.

மகள் மீரா ஐந்து வயதிலிருந்தே என் பக்கத்தில் இருந்து பழகியவள். பதினைந்து வயதில் தானே ஒரு பாட்டு எழுதிக் கழகத்தில் பாடினாள். காலை ரயிலில் தூங்கி வழிந்தபடி வேலைக்குப் போகிறவர்களைப் பற்றிய பாட்டு. மண்டபமே எழுந்து நின்றது. அடுத்த மாதத்துக்கு அவளை அழைத்தார்கள். என்னை அவளுக்குக் கிட்டார் வாசிக்கச் சொன்னார்கள்.

"அண்ணை, இனி உங்களை மீராவின்ர அப்பா எண்டுதான் சொல்லுவினம்," என்று நண்பர் குணம் சிரித்தார். நானும் சிரித்தேன். உள்ளே எரிந்தது. கந்தசஷ்டி வந்தது. ஆறு நாளும் விரதம் பிடித்தேன். வயிறு காய்ந்தது, பொறாமை காயவில்லை.

மீராவை அழைத்திருந்த அந்த ஞாயிறு, மேடையேறுமுன் அந்தப் பாவத்தைச் செய்தேன். கபோ என்று ஒரு சின்னக் கவ்வி இருக்கிறது. கிட்டாரின் கழுத்தில் அதைத் தள்ளிப் பூட்டினால் சுருதி ஏறும். மீராவுக்கு ஏற்ற இடத்தை விட்டு இரண்டு கட்டம் தள்ளிப் பூட்டினேன். பல்லவியில் அவள் குரல் எட்டாது. அது எனக்குத் தெரியும். அவள் பார்க்கவேயில்லை. அப்பாதானே வாசிக்கிறார்!

மனைவி வசந்தி வந்து, "என்னப்பா, முகம் கறுத்துக் கிடக்கு? பிள்ளையின்ர நாளப்பா இண்டைக்கு," என்றாள். நான் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு மேடையேறினேன்.

வாசிக்கத் தொடங்கினேன். மீரா முதல் வரியைப் பிடித்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. 'அவளுக்கு நல்லது செய்' என்று கும்பிட எனக்கு மனம் வரவில்லை. உள்ளதைத்தான் சொன்னேன்: "முருகா, என்ர பிள்ளையிலயே எனக்கு எரியுது. என்னால இதை விட ஏலாது. நீ எடு."

என் கை நின்றது. நானாக நிறுத்தவில்லை என்றே இன்றும் நம்புகிறேன். பிழை என்னுடையது, சுருதி கூடிவிட்டது என்று மைக்கில் சொன்னேன். மண்டபம் சிரித்தது.

"அப்பா, ஆர் யூ ஓகே?" என்றாள் மீரா.

"ஓம், இப்ப ஓகே."

கபோவை இறக்கினேன். எட்டுப் பாட்டும் பாடினாள். எல்லோரும் எழுந்து நின்றபோது மறுபடி நெஞ்சில் ஒரு குத்து. பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் கைதட்டினேன், கை நோகத் தட்டினேன். அதுதான் எனக்குக் கிடைத்த வரம்.

திரும்பும்போது காரில் மீராவிடம் உண்மையைச் சொன்னேன். "தட் வாஸ் ரியலி மீன், அப்பா. சரியான கூடாத வேலை," என்று அழுதாள். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் கிட்டாரைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "புதுப் பாட்டு. வாசியுங்கோ. பட் நான் செக் பண்ணுவன்."

இப்போது தூர ஊர் விழாக்களுக்கும் அவளை அழைக்கிறார்கள். நான் கார் ஓட்டுகிறேன், ஸ்பீக்கர் தூக்குகிறேன், பின்னால் நின்று வாசிக்கிறேன்.

பிள்ளைகளே, தங்கைக்கோ சிநேகிதனுக்கோ கிடைத்த பாராட்டு உங்களைச் சுட்டால், சாமிக்கு முன்னால் நல்ல பிள்ளையாக நடிக்காதீர்கள். சுடுகிறது என்றே சொல்லுங்கள். இவ்வளவு கெட்ட எண்ணத்தோடு நின்ற எனக்கே காது கொடுத்தவன், உங்களைக் கைவிடவா போகிறான்?