வயிற்றில் வைத்த கறுப்புப் புள்ளி

இரண்டாயிரத்துப் பத்துக்குச் சற்று முந்தைய ஒரு ஜனவரி. தலைநகரில், மோதி பாக் அரசாங்கக் குவார்ட்டர்ஸிலிருந்து மருத்துவமனை வரை வழியெல்லாம் பனிமூட்டம். எனக்கு மலக்குடலில் புற்றுநோய். ரோபோ வைத்து ஆபரேஷன். அங்கே இந்த நோய்க்கு அப்படிச் செய்துகொண்டவர்கள் எனக்கு முன்னால் நாலைந்து பேர்தான்.

"அறுக்கப்போறது மிஷினா, டாக்டரா?" என்று என் மனைவி மூன்று முறை கேட்டாள். கை தன்னுடையதுதான் என்று டாக்டர் இந்தியில் சொல்லிச் சிரித்தார்.

மிஷினைவிட எனக்குப் பெரிய பயம் பை. தையல் ஆறும்வரை குடலை வயிற்றுவழியே வெளியே எடுத்து, மலம் சேர ஒரு பை ஒட்ட வேண்டி வரலாம். உள்ளே பார்த்தால்தான் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆபீஸ், பஸ், நெரிசல், நடுவே என் வயிற்றில் அது.

ஆபரேஷனுக்கு முதல் நாள் மாலை மலையாள நர்ஸ் வந்தார். உட்காரவைத்தார், குனியவைத்தார். பேண்ட் எங்கே நிற்கும், வேட்டி எங்கே கட்டுவேன் என்று கேட்டார். தொப்புளுக்கு வலப்பக்கம் பேனாவால் கறுப்பாய் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போனார். ஆக, பைதான் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

காலையில் மருந்து சோப்பு கொடுத்துக் குளிக்கச் சொன்னார்கள். கதவைத் தாழிட்டுத் தேய்த்தேன், தோல் எரிய எரிய. புள்ளி போனால் பையும் போய்விடும். ஐம்பது வயது அரசாங்க அதிகாரியின் கணக்கு அது.

நர்ஸ் சட்டையை விலக்கிப் பார்த்தார். "எந்தா சாரே, மிஷினை ஏமாத்தப் பாத்தீங்களோ?"

"ஏங்க, சின்னப் புள்ளையா நீங்க?" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"பை வெப்போம்னு இல்லே சாரே. வெச்சா பெல்ட்டுல மாட்டக்கூடாது, குனிஞ்சா கசியக்கூடாது. அதுக்கு இந்தப் புள்ளி."

ஸ்ட்ரெச்சர் வாசலில் காத்திருக்க, மறுபடி உட்காரவைத்து, குனியவைத்து, நான் அழித்த இடத்தைத் தேடிப் பிடித்துப் புள்ளி வைத்தார்.

தியேட்டரில், பிளாஸ்டிக் உறை போர்த்திய இரும்புக் கைகள், குளிர்காலத்தில் மூடிவைத்த கூலர்கள் மாதிரி, எனக்குமேல் மடங்கி நின்றன. டாக்டரின் நாற்காலியோ அறை மூலையில், என்னைத் தொட முடியாத தூரத்தில். யார் கை உள்ளே வரப்போகிறது? கேட்பதற்குள் மயக்க மருந்து.

விழிப்பு வந்ததும் கண்ணைத் திறக்கவில்லை. கையைத்தான் முதலில் அனுப்பினேன். பை இருந்தது.

அழுதேன். பிறகு நாலு மாதம் அதோடு பஸ் ஏறினேன், ஃபைல் பார்த்தேன், குனிந்து ஷூ மாட்டினேன். ஒரு நாளும் கசியவில்லை.

பையை எடுத்து, குடலை உள்ளே வைத்துத் தைத்து வருஷங்களாகிவிட்டன. குளிக்கும்போது அந்தத் தழும்புக்கு வந்ததும் கை தானாக மெதுவாகிறது. என்னைக் காப்பதற்காக வைத்த புள்ளியைத்தான் பயத்தில் அப்படித் தேய்த்தேன்.