இரண்டாம் டிவிஷனில் நின்ற கேள்வி

எங்கள் தோட்டத்தில் டிவிஷன் இரண்டு. என் கணினியில் மூன்று.

அதைப் பிரித்தவன் நான்தான். மலாக்காவில் வேலை பார்க்கும் என் மகள் ஒருமுறை விடுமுறைக்கு வந்திருந்தபோது, ஒரே திரைக்குள் பல மேசைகளை விரித்து வைத்துக்கொள்ளலாம், ஒரு மேசையில் கிடப்பது மற்ற மேசையில் தெரியாது என்று காட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள். லிங்கிப் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் இருபத்தேழு வருடமாக ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி வேலை பார்ப்பவனிடம் இப்படி ஒரு வித்தையைக் கொடுத்தால் என்ன ஆகும்? அன்று சாயங்காலமே மூன்று மேசைகளுக்கும் பெயர் வைத்துவிட்டேன். முதல் டிவிஷன், ஆபீஸ் வேலை. இரண்டாம் டிவிஷன், கோயில். தோட்டத்து மாரியம்மனுக்கு நான்தான் செயலாளர் என்பதால் திருவிழா நோட்டீஸ், உபயக்காரர் பட்டியல் எல்லாம் அங்கே. அந்த மேசைக்கு மட்டும் அம்மன் படத்தைப் பின்னணியாகப் போட்டிருந்தேன். மூன்றாம் டிவிஷன், சொந்த விஷயம். அதாவது சீட்டாட்டம்.

மேலாளரின் காலடிச் சத்தம் கேட்டால் மூன்று விசைகளைச் சேர்த்து ஓர் அழுத்து. கோயிலும் சீட்டும் மறைந்து, உழைப்பாளி ஒருவனின் திரை வந்து நிற்கும்.

தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு டிவிஷன் என்றால் டிவிஷன்தான். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், முதல் டிவிஷன் ஆள் ஒருநாளும் இரண்டாம் டிவிஷன் வரிசையில் நிற்கமாட்டான். நின்றால் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் விரட்டிவிடுவார். கணினிக்கும் அதே சட்டம் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். அதற்குத்தான் அந்த வெள்ளிக்கிழமை அனுபவித்தேன்.

தோட்டத்தை வீடு கட்டும் கம்பெனி ஒன்றுக்கு விற்றாகிவிட்டது. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளை இடிக்கப் போகிறார்கள். அதற்குப் பதிலாக, பெரிய சாலை ஓரம் பழைய குடும்பங்களுக்கு வரிசை வீடு கட்டிக் கொடுப்பதாகப் பேச்சு. யார் யாருக்கு என்ற பட்டியலைக் கோலாலம்பூர் தலைமை அலுவலகத்துக்கு அன்று பகல் பன்னிரண்டு மணிக்குள் சிஸ்டத்தில் ஏற்றி அனுப்ப வேண்டும். பன்னிரண்டு அடித்தால் சிஸ்டம் தானாகப் பூட்டிக்கொள்ளும்.

மொத்தம் பதினெட்டுக் குடும்பம். விடிந்ததிலிருந்து உட்கார்ந்து பதினேழை ஏற்றிவிட்டேன். பதினெட்டாவது குடும்பம் ஆபீஸ் கவுண்டருக்கு அந்தப் பக்கம், தலையில் துண்டும் காலில் ரப்பர் பூட்ஸுமாக நின்றுகொண்டிருந்தது.

களைக்கு மருந்தடிக்கிற பெண். நாற்பத்தைந்து வயதிருக்கும். கணவர் இறந்து நாலு வருடம். வீடு இன்னும் அவர் பெயரிலேயே இருந்ததால் இறப்புச் சான்றிதழ் தேவைப்பட்டது. அது ராசா என்ற ஊரில் நாத்தனார் வீட்டு அலமாரியில் மாட்டிக்கொண்டிருந்தது. காலையில் மோட்டார் சைக்கிளில் போய் அதை எடுத்துவந்து என் மேசைமேல் வைத்தபோது மணி பத்தே முக்கால்.

"அவசரமில்லண்ணே, நீங்க டீ குடிச்சிட்டே செய்ங்க," என்றார். கிண்டல்தான். நான் டீ குடிக்கும் வேகம் தோட்டம் முழுக்கத் தெரியும்.

விவரங்களைத் தட்டினேன். வீட்டு எண் போட்டேன். சேர் என்ற பொத்தானை அழுத்தினேன்.

ஒன்றும் நடக்கவில்லை.

மறுபடி அழுத்தினேன். 'டிங்.'

திரையில் வேறு எங்கே தொட்டாலும் 'டிங்'. மூடப் பார்த்தால் 'டிங்'. அனுப்பு என்ற பொத்தான் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. அந்தச் சிஸ்டத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு: கடைசியில் மொத்தமாக அனுப்பும்வரை, நாம் எழுதியது எதுவும் அதற்குள் தங்காது. கணினியை அணைத்தால் பதினேழு குடும்பமும் அதோடு அணைந்துவிடும்.

எனக்குப் பயம் வந்தால் வாய் நிற்காது. "கணினி கொஞ்சம் யோசிக்குதும்மா, உங்க வீட்டுக்கு எந்தப் பக்கம் வாசல் வைக்கலாம்னு," என்றேன். உள்ளங்கையில் வியர்த்து எலி வழுக்கியது. கணினி எலியைச் சொல்கிறேன். ஆபீஸ் அலமாரிக்குப் பின்னால் இருக்கும் நிஜ எலி அன்று என்னைவிட நிம்மதியாக இருந்திருக்கும்.

"வாசல் கெழக்கப் பாத்து இருந்தா போதும்," என்றார் அவர். "ஏண்ணே, மொகம் ஏன் கருவாடு மாதிரி ஆயிருச்சு?"

"வெயிலும்மா."

"ஏர்கோன் ஓடுது. ஆபீஸே குளுந்து கெடக்கு."

பதினொன்று ஆனது. தலைமை அலுவலகத்தின் கணினிப் பிரிவுக்குப் போன் போட்டேன். தமிழ்ப் பெண் ஒருத்தி எடுத்தாள். குரலை வைத்துப் பார்த்தால் என் மகளைவிடச் சின்னவள்.

"அங்கிள், ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?"

"பண்ணுனா எல்லாம் போயிடும்மா."

"ஹாங் ஆயிருச்சுனா ரீஸ்டார்ட்தான் அங்கிள். ஸ்கிரீன்ல வேற ஏதாவது பாக்ஸ் தெரியுதா?"

"ஒரு பாக்ஸும் இல்லம்மா. சத்தம் மட்டும் வருது."

"சத்தம் மட்டுமா?" கொஞ்ச நேரம் விசைகளைத் தட்டும் ஓசை கேட்டது. "சரி, நான் ஒரு கம்ப்ளைன்ட் டிக்கெட் போட்டு வைக்கிறேன். மூணு வேலை நாளுக்குள்ள யாராச்சும் கூப்புடுவாங்க."

மூன்று வேலை நாள்! எனக்கு இருந்தது ஐம்பத்தெட்டு நிமிடம். போனை வைத்ததும் சிரம்பானில் கூட்டத்தில் இருந்த மேலாளர் கூப்பிட்டார். பட்டியல் என்னாயிற்று என்று மலாயில் கேட்டார். "திங்கால் சிகிட், துவான்," என்றேன். கொஞ்சம்தான் பாக்கி ஐயா என்று அர்த்தம். பொய் சொல்லும்போது என் மலாய் மிகவும் சுத்தமாக இருக்கும்.

அதற்குப் பிறகு நான் செய்தவற்றை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன். எலியின் வயரைக் கழற்றி மாட்டினேன். விசைப்பலகையைக் கவிழ்த்துத் தட்டினேன். இரண்டு முறுக்குத் துண்டுகள் விழுந்தன. திரையைத் துணியால் துடைத்தேன். எண்டர் விசையை நாற்பது தடவையாவது அடித்திருப்பேன், நாற்பது 'டிங்'. பெடாஸில் இருக்கும் இன்னொரு கிராணிக்குப் போன் செய்து கேட்டேன். அவர் தோட்டத்துப் பட்டியலை அவர் நேற்றே அனுப்பிவிட்டாராம். அதைச் சொல்வதற்கு இவ்வளவு சந்தோஷம் தேவையா என்று நினைத்துக்கொண்டு போனை வைத்தேன். கடைசியாகக் கையெழுத்தில் பட்டியலைத் திரும்ப எழுத ஆரம்பித்தேன். கோலாலம்பூருக்கு அதை எப்படி அனுப்புவது என்று யோசித்தபோதுதான், நான் இருப்பது எந்தக் காலம் என்பதே ஞாபகம் வந்தது.

மணி பதினொன்று முப்பத்தைந்து.

கவுண்டருக்கு அந்தப் பக்கம் கிண்டல் நின்றுபோயிருந்தது. அதுதான் எனக்குப் பெரிய பயம். அந்தப் பெண் கிண்டல் செய்கிறவரை நிலைமை கைமீறவில்லை என்று அர்த்தம்.

"அண்ணே, உண்மையச் சொல்லுங்க. என் பேரு ஏறலயா?"

"ஏறிடும்மா."

"லேட்டா கொண்டாந்தது நாந்தான். என்னால மத்த பதினேழு பேருக்கும் கெட்டுப் போயிறக் கூடாது. என்ன விட்டுட்டு அனுப்ப முடியுமா? முடிஞ்சா அனுப்பிருங்க. நா ராசாவுல நாத்தனா வீட்டுல ஒண்டிக்கிறேன்."

அப்படிக்கூட முடியாது என்பதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஐம்பத்திரண்டு வயதில், ஏர்கோனுக்கு நேரே உட்கார்ந்து, சட்டை முதுகில் ஒட்ட, நான் கடைசியாகச் செய்தது என்ன தெரியுமா? சாமி கும்பிடலாம் என்று முடிவு செய்ததுதான். எழுந்து கோயிலுக்குப் போய்வர நேரமில்லை. அம்மன்தான் இரண்டாம் டிவிஷனில் இருக்கிறாளே. மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினேன்.

அம்மன் வந்தாள். அவள் நெஞ்சுக்கு நேராக ஒரு சின்னப் பெட்டி நின்றுகொண்டிருந்தது.

கைகூப்பியவன் அப்படியே இருந்தேன். காலையில் ஆறரைக்குத் திருவிழா நோட்டீஸைத் திருத்திக்கொண்டிருந்தபோது மேலாளர் வரும் சத்தம் கேட்டு, அவசரத்தில் சிஸ்டத்தை இரண்டாம் டிவிஷனிலேயே திறந்திருக்கிறேன். பிறகு அதை முதல் டிவிஷனுக்கு நகர்த்தினேன். திரையில் தெரியும் சன்னல் மட்டும்தான் நகர்ந்து வந்தது. சிஸ்டத்தைப் பொறுத்தவரை அது பிறந்த இடம் கோயில்தான். கேட்க வேண்டிய கேள்வியை அங்கேயே போய்க் கேட்டுவிட்டு, பதிலுக்காக முக்கால் மணி நேரமாக நின்றுகொண்டிருந்தது. நான் முதல் டிவிஷனில் உட்கார்ந்து எண்டரை அடித்துக்கொண்டிருந்தேன். ஆள் அங்கே பெரட்டில் நிற்க, இங்கே பெயர் கூப்பிட்ட கதை.

அம்மன் அருள் என்று கோயில் கூட்டத்தில் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் மறைத்து வைத்துப் பழகிய கை செய்த வேலை இது என்பது எனக்கும் அவளுக்கும் தெரியும்.

பெட்டியில் இருந்ததைப் படித்தேன். ஆங்கிலத்தில் இருந்தது. இந்த வீட்டு எண்ணுக்கு ஏற்கனவே ஒரு குடும்பத் தலைவர் பதிவில் இருக்கிறார்; அவரை நீக்கிவிட்டு இவரைச் சேர்க்கவா? கீழே 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு பொத்தான்கள்.

என் விரல் 'ஆம்' பக்கம் போய், நின்றது. நாற்பது தடவை அடித்த எண்டரில் ஒன்று இந்தப் பக்கம் விழுந்திருந்தால், யாரையும் கேட்காமல் நானே பதில் சொல்லியிருப்பேன்.

"தங்கச்சி," என்றேன். "உங்க வீட்டுக்காரரு பேர எடுத்துட்டு உங்க பேரப் போடவான்னு கேக்குது."

அவர் மேசைமேல் கிடந்த சான்றிதழைப் பார்த்தார். பூட்ஸ் காலை மாற்றி நின்றார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று நாற்பத்தொன்று. அவசரப்படுத்தக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன். பேசாமல் இருப்பது எனக்கு எவ்வளவு சிரமம் என்று என் மனைவியைக் கேட்டால் தெரியும்.

"எடுத்துட்டா அவரு பேரு எங்கயுமே இருக்காதா?"

"இந்தப் பட்டியல்ல இருக்காது. உங்க பிள்ளைங்க பேருக்குப் பின்னால அப்பா பேரு எப்பவும் இருக்கும்."

துண்டின் முனையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"எடுங்கண்ணே. நாலு வருஷமா கரண்டு பில்லுல மட்டும் உசுரோட இருந்தாரு. போதும்."

அழுத்தினேன். பெட்டி மறைந்தது. முதல் டிவிஷனுக்குத் திரும்பினேன். பதினெட்டு வரிசை. அனுப்பு என்ற பொத்தானுக்குப் பச்சை நிறம் வந்திருந்தது. அழுத்தினேன். சின்ன வட்டம் சுற்றியது. 'அனுப்பப்பட்டது' என்று வந்தபோது மணி பதினொன்று நாற்பத்துமூன்று.

அதை நம்ப எனக்குத் தெம்பில்லை. என் திரையில் தெரிவது ஒன்று, நடப்பது வேறொன்று என்று காலையெல்லாம் பார்த்தாகிவிட்டதே. மறுபடியும் கணினிப் பிரிவுக்குப் போன் போட்டு, தங்கச்சியும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் வைத்தேன். அதே பெண்தான் எடுத்தாள்.

"அங்கிள், டிக்கெட் போட்டுட்டேன், யாரும் இன்னும் எடுக்கல..."

"டிக்கெட்ட விடும்மா. எங்க தோட்டத்துப் பட்டியல் அங்க வந்துருச்சான்னு மட்டும் பாத்துச் சொல்லு."

தட்டும் ஓசை. "வந்துருக்கு. பதினெட்டு."

"பதினெட்டாவது யாருன்னு கொஞ்சம் வாசிம்மா."

அவள் வாசித்தாள். பெயர், தகப்பன் பெயர், வீட்டு எண், குடும்பத் தலைவர் என்ற இடத்தில் மறுபடியும் முதலில் வாசித்த அதே பெயர். தெரியாதவர் பெயரை வாசிக்கும்போது வரும் சின்னத் தயக்கம் அவள் குரலில் இருந்தது.

கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருந்தவர், தலைத் துண்டை அவிழ்த்துக் கையில் சுருட்டிப் பிடித்தபடி போனுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"அண்ணே, அந்தப் பிள்ளைய இன்னொருவாட்டி வாசிக்கச் சொல்லுங்க."

"அங்கிள், ஏன், ஏதாச்சும் தப்பா?"

"தப்பில்லம்மா," என்றேன். "நல்லாத்தான் வாசிச்ச. இன்னொரு தடவ வாசி, கொஞ்சம் மெதுவா."