அண்ணனின் வேனும் நான் வைத்த தீயும்

அண்ணனின் பட்டறை வேனுக்குத் தீ வைத்தவன் நான். காரைக்குடி சுப்பையா அண்ணன் அல்ல. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களே, உங்களில் பலர் இன்றும் அவர் பெயரைத்தான் சொல்கிறீர்கள். அண்ணன் மறைந்து ஓராண்டு நிறையும் நாளில், அவரைப் பற்றி வேறு எதை எழுதும் முன்பும் இதை எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

அண்ணன் அவர்கள் கீழச்சிவல்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், கோயிலில் பரிவட்டம் வாங்கும் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அம்மன் திருவிழாவில் பூசாரி எங்கள் வீட்டு மூத்தவர் தலையில் பட்டுத் துணியைச் சுற்றிக் கட்டுவார். அதன் பிறகுதான் தேர் நகரும். எங்களுக்கு நிலம் குறைவு. அந்தத் துணிதான் பெரிது. அடியும் எங்கள் வீட்டில் தாராளம். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மோட்டார் வேலை கற்கப் போகிறேன் என்று அண்ணன் சொன்ன அன்று, தகப்பனார் அவரை மாட்டுக் கொட்டிலில் கட்டி வைத்து அடித்தார். முதுகில் தோல் பிளந்த இடத்தில் அம்மா மஞ்சள் வைத்தபோது, "சட்டையில ஒட்டாம வைம்மா, காலம்பற பஸ்ஸுக்குப் போகணும்" என்றார் அண்ணன். மறுநாள் போய்விட்டார்.

காரைக்குடியில் சுப்பையா அண்ணனின் பட்டறையில் சேர்ந்தார். சுப்பையா அண்ணன் ஆசாரி வீட்டுப் பிள்ளை. நல்ல வேலைக்காரர். கோபம் வந்தால் கையில் இருக்கும் ஸ்பேனர் பறக்கும். அண்ணனின் புருவத்தில் இருந்த தழும்பு அங்கே கிடைத்ததுதான்.

அந்த நாளில் பெரிய வீடுகளின் கார்கள் வருடத்தில் பாதி நாள் கொட்டகையிலேயே நிற்கும். வீட்டுக்காரர்கள் மலேயாவிலோ சென்னையிலோ இருப்பார்கள். கல்யாணத்துக்கு வந்து சாவியைத் திருப்பினால் பேட்டரி செத்திருக்கும், ஒயரை எலி கடித்திருக்கும். முன்னால் மாடு பூட்டிக் காரைக்குடிக்கு இழுத்து வருவார்கள். மாப்பிள்ளை அழைப்புக்கு நிற்க வேண்டிய கார் மாட்டு வாலுக்குப் பின்னால் ஊர்ந்து வருவதைப் பார்த்துப் பார்த்து, பட்டறையே காரிடம் போனால் என்ன என்று அண்ணன் கேட்டார். சுப்பையா அண்ணன் சிரித்தார். அறுபதுகளின் நடுவில் அண்ணன் ஒரு பழைய வேனை வாங்கி, உள்ளே வேலை மேசை பொருத்தி, ஜாக்கியும் பேட்டரியும் ஏற்றி, பக்கவாட்டில் 'வீட்டிலேயே மோட்டார் பழுது பார்க்கப்படும்' என்று எழுதியபோது சுப்பையா அண்ணன் சிரிக்கவில்லை. நடுரோட்டில் வேனை மறித்தார்.

"எங்கிட்டத் தொழில் படிச்சுட்டு என் வாடிக்கையவே தேடிப் போறியா? ஒன் வண்டி எத்தன நாள் ஓடுதுன்னு நானும் பாக்குறேன்டா!"

கடைத்தெருவே கேட்டது.

முதல் வேலை நெற்குப்பையில், ஓர் ஆச்சியின் வீட்டில். நான் ஆசிரியராக இருந்த பள்ளிக்கு விடுமுறை என்பதால் நானும் போயிருந்தேன்.

"ஏப்பா, வண்டிய இழுத்துக்கிட்டுப் போகாம இங்கனயே சரி பண்ணிருவியா?"

"இங்கனயேதான் ஆச்சி. நீக காபி போட்டு முடிக்கிறீகளோ இல்லையோ, வண்டி கெளம்பிரும்."

"கெளம்பலைன்னா?"

"காபியக் குடிச்சுட்டு மறுபடி பாப்பேன்."

ஆச்சி சிரித்துவிட்டார். கார் கிளம்பியது. நாட்டரசன்கோட்டை வரை அண்ணனின் பெயர் பரவியது.

பெரிய வீடுகளில் கார்க் கொட்டகை பின்பக்கம் இருக்கும். அண்ணன் கொல்லை வாசல் வழியாகத்தான் உள்ளே போவார். வீடு தேடிப் போய்க் கொல்லை வாசலில் நிற்கிறவர்களுக்கு எங்கள் ஊர்க் கோயிலில் ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். அது தேருக்கு முன்னால் அல்ல. தகப்பனார் வயதைச் சொல்லி விலகிக்கொள்ள, அந்த ஆண்டு பரிவட்டம் அண்ணனுக்கு வர வேண்டும். திருவிழாப் பேச்சுக்குக் கூடியபோது பங்காளி வீட்டுப் பெரியப்பா எழுந்தார்.

"வெளுக்கிறவுகளும் செரைக்கிறவுகளும் வீட்டுக்கு வாராக. இப்ப நம்ம வீட்டு மூத்தவுகளும் அப்பிடிப் போறாக. தேரை முன்வாசல்ல நிறுத்தவா, கொல்ல வாசல்ல நிறுத்தவா? சொல்லிருங்கப்பா!"

கூட்டம் சிரித்தது. அந்தப் பேச்சில் இருந்த கேவலம் எனக்கு அன்று உறைக்கவில்லை. அந்த மனிதர்களைக் கீழே வைக்கும் புத்தி, பி.ஏ. படித்து ஆசிரியராக இருந்த எனக்கும் இருந்தது. அதனால்தான் சிரிப்பு அப்படி வலித்தது. வேலையை விட்டால் பரிவட்டம் உண்டு என்றார்கள்.

"பரிவட்டம் ஒரு நாள் தலையில இருக்கும், மறுநாள் பொட்டிக்குள்ள போயிரும். வயித்தப் பொட்டிக்குள்ள வைக்க முடியுமா பெரியப்பா?" என்றார் அண்ணன்.

தகப்பனார் செருப்பைக் கழற்றி, அண்ணன் மனைவியான மதினியின் கண் முன்னால், அண்ணனைக் கன்னத்தில் அடித்தார். அடித்துக்கொண்டே இருந்தார். யாரும் தடுக்கவில்லை. நானும் தடுக்கவில்லை. கடைசியில் அண்ணன் கீழே விழுந்த செருப்பை எடுத்துத் தகப்பனாரின் காலடியில் வைத்துவிட்டு வெளியே போனார்.

வேன் ஒழிந்தால் அண்ணனுக்குப் பரிவட்டம் கிடைத்து எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. தேரோட்டத்தன்று ஊர் முழுவதும் கோயிலில் இருந்தது. நண்பகலில், தேர் நகரும் முன், நான் வீட்டுக்குத் திரும்பி வந்து, வேனில் இருந்த பெட்ரோலையே இருக்கையில் ஊற்றிப் பற்றவைத்தேன். சந்து முனைக்குப் போவதற்குள் அண்ணன் எதிரே ஓடி வந்தார். புகையைப் பார்த்திருக்கிறார். என்னைத் தள்ளிவிட்டு எரியும் வேனுக்குள் ஏறிக் கருவிப் பெட்டியை இழுத்தார். இரும்பு பழுத்திருந்தது. அவர் பிடியை விடவில்லை. சதை பெட்டியில் ஒட்டிக்கொண்டது. நான் இடுப்பைப் பிடித்து இழுத்துப் போட்டேன். என் உள்ளங்கையும் வெந்தது. ஓடிவந்தவர்கள், "தம்பின்னா இப்படியில்ல இருக்கணும்" என்றார்கள். அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்ததால், தீயால் தடைபட்ட தேர் மறுநாள் நகர்ந்தபோது, பரிவட்டத்தை அடுத்த பிள்ளையான என் தலையில் கட்டினார்கள். கையில் கட்டோடு குனிந்து வாங்கிக்கொண்டேன்.

கடைத்தெருவில் சுப்பையா அண்ணன் கத்தியது எல்லோருக்கும் நினைவிருந்தது. தகப்பனாரும் பங்காளிகளும் இரும்புக் கம்பிகளோடு அவர் பட்டறைக்குப் போனார்கள். நானும் போனேன். "நான் வைக்கலப்பா, எம் பிள்ளைக மேல சத்தியம்" என்று அவர் அலறினார். முழங்கால் நொறுங்கும் சத்தம் வெளியில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும். நான் சும்மா நின்றால் சந்தேகம் வருமோ என்று பயந்து, பக்கத்தில் நின்றவர் கையிலிருந்த கம்பியை வாங்கி நானும் ஒரு முறை அடித்தேன். பெரியவர்கள் பேசி வழக்கு வராமல் செய்தார்கள். பட்டறை மூடப்பட்டது. அவருக்குக் கம்பு ஊன்றாமல் நடக்க முடியாமல் போனது.

அண்ணனின் வலது கை விரல்கள் பாதிக்கு மேல் மடங்காது. அந்தக் கையோடு எழுபதுகளின் தொடக்கத்தில் இன்னொரு வேனை வாங்கினார். ஒரு நாள் வேலை நடந்த இடத்துக்கு என்னை வரச் சொன்னார்.

"சுப்பையாண்ணன் வந்திருந்தாக. நான் வைக்கலடான்னு அழுகுறாக. என்னைய இழுத்துப் போட்டவன் நீதான. அங்குட்டு வேற யாரும் ஓடுனதப் பாத்தியாடா?"

"யாரும் ஓடல. நான்தான் வச்சேன்."

அண்ணன் ஜாக்கிக் கம்பியை எடுத்து என் தோளில் ஓங்கி அடித்தார். எலும்பு முறிந்தது. நான் விழுந்ததும் விலாவில் உதைத்தார். அதற்கு முன்போ பின்போ அவர் யாரையும் அடித்து நான் கண்டதில்லை. மூச்சு வாங்க நின்று, "எங்கிட்டச் சொல்லி என்னடா ஆகப் போகுது? ஏறு வண்டியில" என்றார். ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று நினைத்தேன். வேன் சுப்பையா அண்ணன் வீட்டு வாசலில் நின்றது.

சொன்னேன். சுப்பையா அண்ணன் ஆச்சரியப்படவில்லை.

"தெரியும் வாத்தியாரே. மத்தவனெல்லாம் கோவத்துல அடிச்சான். நீ மட்டுந்தான் பயத்துல அடிச்ச. நான் சொன்னா எவன் நம்புவான்? ஊர்ல போய்ச் சொல்லு. இங்க வராத."

அடுத்த திருவிழாவில், பரிவட்டம் கட்டப் பூசாரி கையை உயர்த்தியபோது, வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஊரார் முன் உண்மையைச் சொன்னேன். நிரபராதியை அடித்தவர்களாகத் தங்களை ஆக்கிவிட்டேன் என்று பங்காளிகள் என்னைத் தேரடியிலேயே போட்டு மிதித்தார்கள். தகப்பனார் சாகும் வரை என்னோடு பேசவில்லை. பரிவட்டம் வேறு வீட்டுக்குப் போனது.

அண்ணன் சுப்பையா அண்ணனை வேனில் சேர்த்துக்கொண்டார். அண்ணனின் மடங்காத விரல்களுக்குச் சிறு திருகாணிகள் பிடிபடாது. அந்த வேலைகளைச் சுப்பையா அண்ணன் வேனுக்குள் உட்கார்ந்து செய்தார். அண்ணன் காருக்கடியில் படுத்தார். இருவரும் நாள் முழுவதும் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டே பல ஆண்டுகள் ஊர் ஊராகப் போனார்கள். அந்த வேனில் என்னை ஏற்றியதில்லை. அண்ணன் எனக்கு இட்டது ஒரே கட்டளை. திருவிழாதோறும் நான் சுப்பையா அண்ணன் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். இங்கே வராதே என்று அவர் சொன்னதை நினைவூட்டினேன். "அவுக வெரட்டட்டும். அது அவுக பாடு. போறது ஒன் பாடு" என்றார். போனேன். சுப்பையா அண்ணன் உயிரோடு இருந்தவரை கம்பை ஓங்கி விரட்டினார். அவருக்குப் பின் அவர் மகள் கதவைச் சாத்தினார்.

கடைசி நாட்களில் அண்ணனுக்கு நுரையீரல் கெட்டு, பேச்சு திணறியது. தலைமாட்டில் நான் இருந்தேன்.

"போனியா?"

"போனேன்."

"தொறந்தாகளா?"

"இல்ல."

"அடுத்த வருசமும் போ."

என்னோடு அவர் பேசிய கடைசிப் பேச்சு அது.

நோயில் உடன் இருந்த மருத்துவருக்கும் செவிலியருக்கும், பிள்ளையில்லாத அண்ணனைக் கடைசி வரை தாங்கிய மதினிக்கும், பாடையைத் தூக்கிய சுப்பையா அண்ணனின் பேரன்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது. அன்று தேரடியில் நான் சொன்னதைக் கேட்காத உறவினர்களும் இனி சுப்பையா அண்ணனின் பெயரை அந்தத் தீயோடு சேர்த்துச் சொல்ல வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

இந்த ஆண்டுத் திருவிழாவன்றும் சுப்பையா அண்ணன் வீட்டு வாசலுக்குப் போனேன். அவர் மகள் கதவைச் சாத்தவில்லை. உள்ளே வாருங்கள் என்றும் சொல்லவில்லை. வெயில் இறங்கும் வரை நின்றுவிட்டு வந்தேன்.