பெயரைக் கேட்டுவிட்டு ஊசியை எடுத்தவர்

இந்த நினைவு மலரைப் பிரிக்கும் கைகளில் பாதிக் கைகளையாவது எங்கள் அக்கா தொட்டிருப்பார். முழங்கை மடிப்பில் இரண்டு விரல் வைத்து நரம்பைத் தேடியிருப்பார். "இங்க பாக்காத, அந்தாண்ட காக்கா பாரு" என்றிருப்பார். நீங்கள் காக்காவைத் தேடி முடிப்பதற்குள் பஞ்சை வைத்துக் கையை மடக்கியிருப்பார். அக்கா போய் ஓராண்டு ஆகிறது. அந்தக் கைகளெல்லாம் இருக்கின்றன. தேடிய விரல்கள் இல்லை.

அக்கா பிறந்தது செய்யூர்ப் பக்கம், வேர்க்கடலைக் கொல்லையும் சவுக்குத் தோப்பும் முட்டிக்கொள்ளும் ஊர். கடலை பிடுங்கும் பருவத்தில் அப்பா காய்ச்சலில் போனார். என்ன காய்ச்சல் என்று இன்றுவரை தெரியாது. யாரும் ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. அந்தத் தெரியாமையை அக்கா நிறைகுடம்போலத் தளும்பாமல் சுமந்து நடந்தார் என்றே நினைக்கிறேன். பன்னிரண்டாவதோடு படிப்பை நிறுத்தினார். செங்கல்பட்டு மருத்துவமனை ஒன்றில் ரத்தம் எடுக்கப் பழகினார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அதே ஊரில் ஒரு லேபில் சேர்ந்தார். அதற்குள் கல்யாணம் ஆகிச் சிங்கப்பெருமாள் கோயிலில் குடியிருந்தார். அம்மாவையும் என்னையும் அங்கேயே அழைத்துக்கொண்டார். மாமா ஒரு சொல் சொல்லவில்லை. கட்டிலை எனக்கு விட்டுவிட்டுப் பாயை எடுத்துக்கொண்டார்.

லேபில் அக்கா சோதனை செய்பவர் அல்லர், எடுத்துவருபவர். ஐஸ் பெட்டியோடு திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் ஏறி, மாமல்லபுரம் கடற்கரைக் குப்பங்களில் ரத்தம் எடுத்துக்கொண்டு வெயில் ஏறுவதற்குள் திரும்புவார். இயந்திரம் பொய் சொல்லாது. ஆனால் குழாயில் எந்தப் பெயர் ஒட்டியிருக்கிறதோ அந்தப் பெயருக்குத்தான் அது உண்மையைச் சொல்லும். இதை அக்கா கற்றுக்கொண்ட நாளைச் சொல்லாமல் அக்காவைச் சொல்ல முடியாது.

ஒரு குப்பத்தில் இரண்டு லட்சுமிகள். ஒருவருக்கு வயிற்றில் கட்டி, ஆபரேஷனுக்காக ரத்த வகை பார்க்க வேண்டும். இன்னொருவர் தலைப்பிள்ளை சுமப்பவர், அவருக்கும் வகைதான். அடையாளத்துக்கு வீட்டுக்காரர் பெயரைக் கேட்டார் அக்கா. இருவரும் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தார்கள். புருஷன் பெயரைச் சொல்வது அங்கே வழக்கமில்லை. கூட்டம் நெருக்கியது. இரண்டு குழாயிலும் லட்சுமி என்று மட்டும் எழுதி, ஒன்றைப் பெட்டியின் இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் வைத்தார். போகும்போது யாரையாவது கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தார். பஸ் வந்துவிட்டது. லேபில் பெட்டியைத் திறந்தபோது ஐஸ் உருகி, இரண்டு லட்சுமிகளும் ஒரே மூலையில் சாய்ந்து கிடந்தார்கள்.

"ரெண்டும் ஒரே குரூப்பா இருந்தா தொல்ல வுட்டுது" என்று சோதனை செய்யும் அண்ணன் போட்டுப் பார்த்தார். வேறு வேறாக இருந்தன.

"ஆஸ்பத்திரில மறுபடி பொருத்திப் பாக்காம ஏத்த மாட்டாங்கம்மா. இன்னாத்துக்குப் பேஜாரு ஆவுற?"

"அவங்க பாப்பாங்கன்னுட்டு, எனக்குத் தெரியாதத நான் எழுதலாமா அண்ணா?"

கட்டிக்கார லட்சுமி மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் சேரும்போதே ரத்தம் கொடுப்பவர்களையும் அழைத்துவரச் சொல்லியிருந்தார்கள். யாரை அழைப்பது என்று ரத்த வகையின் அந்த ஓர் எழுத்துதான் சொல்ல வேண்டும். அன்று சாயங்காலமே அக்கா திரும்பப் போனார். வேலை இல்லாமல் இருந்த நான் துணைக்குப் போனேன். முதலில் பிள்ளைத்தாய்ச்சியிடம் போய், அவர் அண்ணன் எடுத்துக்கொடுக்க அவரே முணுமுணுத்த பெயரை எழுதி ரத்தம் எடுத்து, பிறகு கட்டிக்காரர் வீட்டுக்குப் போனோம்.

வாசலில் கருவாட்டைக் கூட்டிக்கொண்டிருந்த மாமியார் நிமிர்ந்தார். "இன்னாம்மா, காலைலதான உறிஞ்சிக்கினு போன. அத்த இன்னா பண்ண, வித்துட்டியா?"

"எது யாருதுன்னு தெரியாம பூட்ச்சிம்மா. தப்பு எம்மேலதான்."

"தப்பு உன்னுது. குத்து எங்களுக்கா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். லட்சுமி கையை நீட்டினார். அக்கா ஊசியை எடுக்கவில்லை.

"உன் பேரு சொல்லு."

"லட்சுமி."

"வூட்டுக்காரரு பேரு?"

லட்சுமி மணலைப் பார்த்தார்.

"நான் சொல்றேன், எழுதிக்க" என்றார் மாமியார். "நான் பெத்ததுதான."

"யாரு ரத்தமோ அவங்க வாயால வரணும்மா."

"சொன்னா அவருக்கு ஆயுசு கொறையும்பாங்கக்கா" என்றார் லட்சுமி.

"சொல்லாட்டி உனக்குக் கொறையும்."

யாரும் சிரிக்கவில்லை. லட்சுமி கடலைப் பார்த்துத் திரும்பி, கண்ணை மூடிக்கொண்டு, "கோதண்டம்" என்றார். கட்டுமரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓர் ஆண்குரல், "யாரது? இன்னா?" என்று கேட்டது. குப்பமே வெடித்துச் சிரித்தது. அந்தச் சிரிப்புக்குள்ளேயே ஊசி போய் வந்துவிட்டது.

பின்னால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அன்று குப்பத்திலிருந்து திரும்பும் பஸ்ஸில், "நீ மாமா பேரச் சொல்லுவியாக்கா?" என்று கேட்டேன். அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வீட்டில் அக்காவுக்கு மாமா என்றைக்கும் 'இவங்க'தான்.

பிறகு காலம் மாறியது. கொல்லைகள் மனைகளாயின. கம்ப்யூட்டரில் பெயர் அச்சடித்த ஸ்டிக்கர் வந்தது. அதை ஒட்டும் முன்னும் அக்கா பெயரைக் கேட்டார். கல்பாக்கத்து அதிகாரி ஒருவர், "மாசா மாசம் வர்றீங்க, இன்னுமா என் பேரு தெரியாது?" என்றாராம். "எனக்குத் தெரியும் சார். குழாய்க்குத் தெரியாது." இதை வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

சிறுநீரகம் கைவிட்டு, அக்காவின் கையே ஊசிக்கு இடமில்லாமல் போன கடைசி வாரம். ரத்தம் எடுக்க வந்த பெண் அக்காவோடு வேலை பார்த்தவர். "உங்களத் தெரியாதாக்கா, கையக் குடுங்க" என்றார். அக்கா கையை இழுத்துக்கொண்டார்.

"கேளு."

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்க பேரு?" என்றார். அக்கா சொன்னார். "வீட்டுக்காரர் பேரு?" அக்கா கதவுப் பக்கம் பார்த்தார். பிறகு அதையும் சொன்னார், முழுசாக, எல்லாருக்கும் கேட்கும்படி.

கதவருகே மருந்துப் பையோடு நின்ற மாமா, யாரோ கூப்பிட்டதுபோல, "இன்னாம்மா?" என்று உள்ளே வந்தார். அக்கா எங்களிடம் அதற்குப் பிறகு பேசியவை எல்லாம் கண்ணாலும் கையாலும்தான்.

அருகிருந்து பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், அந்த லேபின் இன்றைய நேற்றைய தோழர்களுக்கும், நெத்திலிக் கருவாட்டோடு வந்து மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த லட்சுமி அம்மாவுக்கும் கோதண்டம் அண்ணனுக்கும், தோள் கொடுத்த ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பத்தின் கைகூப்பல்.

ஒரே ஒரு வேண்டுகோள். முறை வைத்துச் சொல்ல வேண்டும் என்பதால் இந்தக் கட்டுரை முழுவதும் அக்கா என்றே எழுதினேன். அட்டையில் அவர் பெயர் இருக்கிறது, பக்கத்தில் மாமாவின் பெயரும். மலரை மூடும் முன் அதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். அக்கா அப்படிக் கேட்டுத்தான் எழுதுவார்.