வேலாயிக்கு வந்த பதிவுத் தபால்

வேலாயி அக்காவை எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஷாமிலா அம்மா என்றுதான் சொல்வோம். தோட்டத்து ஆபீசில் அவருக்கு இன்னொரு பேர். அவர் வேலைக்குச் சேர்ந்த வருடம் எங்கள் டிவிசனில் ஏற்கெனவே ஒரு வேலாயி இருந்தார். குழப்பம் வேண்டாமென்று அப்போதைய கிளாக்கர் இவரை வேலம்மா என்று சம்பளப் பதிவான செக்ரோலில் எழுதிவிட்டார். அந்தப் பேரிலேயே நாற்பது வருடம் கொழுந்து பறித்துச் சம்பளம் வாங்கினார். அடையாள அட்டையில் மட்டும் வேலாயி.

அறுபது வயது முடிந்தால் செக்ரோலிலிருந்து பேர் வெட்டிவிடுவார்கள். அதன் பிறகு வீட்டில் வேறு யாராவது வேலைக்குப் பேர் பதிந்தால்தான் லயத்து வீடான காம்பரா அவர்களிடம் இருக்கும். அக்காவுக்குப் புருசன் இல்லை. ஒரே மகள் ஷாமிலா. கொழும்பில் துணிக்கடையில் வேலை. காம்பராவுக்காக அவளைத் திரும்பக் கூட்டிவந்து கொழுந்து பறிக்க மலைக்கு அனுப்பக்கூடாது என்பதில் அக்கா உறுதியாக இருந்தார். அதனால்தான் பேர் வெட்டுவதற்கு முன்னால் சொந்தமாக ஒரு வீடு வாங்கப் பார்த்தார்.

கினிகத்தேனையில், பொல்பிட்டிய ரோட்டில் ஒரு வீடு விலைக்கு இருப்பதாகத் தெரிந்து, பார்க்கப் போகும்போது என்னையும் கூப்பிட்டார்.

"என்னைய எதுக்குங்க்கா? நான் ஒண்ணும் பேச மாட்டேனே."

"பேச வேணாம் புள்ள. நீ பாத்தா போதும்."

இரண்டு அறை, ஒரு குசினி, தகரக் கூரை. பின்பக்கம் ஒரு கதவு இருந்தது. எங்கள் லயத்தில் முன்னால் மட்டும்தான் கதவு; பின்சுவருக்கு அந்தப் பக்கம் வேறு குடும்பம். அக்கா அந்தப் பின்கதவைத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்து வெளியே இறங்கி நின்றார்.

வீட்டுக்காரர் குணதாச மாத்தையா வயதானவர். தமிழ் பேசுவார்.

"தோட்டமா?"

"ஆமாங்க மாத்தையா."

"தோட்டத்து ஆளுக்குக் குடுக்க வேணாம் எண்டு சொல்லுறாங்க. நான் அப்புடிப் பாக்குறது இல்ல," என்று சிரித்தார். அக்காவும் சிரித்தார்.

வீட்டுப் பத்திரமான உறுதி அவருடைய செத்துப்போன அண்ணன் பேரில் இருந்தது. அதைத் தன் பேருக்கு மாற்றிய பிறகுதான் விற்க முடியும். அதுவரைக்கும் முற்பணம் வாங்கிக்கொண்டு லோயரிடம் ஓர் உடன்படிக்கை எழுதினார்கள். மூன்று பக்கம், எல்லாம் சிங்களம். லோயர் வேகமாக வாசித்தார். அவர் நிமிர்ந்து பார்த்தபோதெல்லாம் அக்கா "ஹரி மாத்தையா", சரி ஐயா, என்றார். கடைசியில் லோயர் "தன்வன்னம்" என்றார். அறிவிக்கிறோம் என்று அர்த்தம். அக்கா உடனே தன் போன் நம்பரை ஒரு துண்டில் எழுதி வாங்கி மாத்தையாவிடம் கொடுத்தார். பஸ்ஸில் வரும்போது, "உறுதி சரியானா போன் பண்ணுவாங்க," என்றார். எனக்கும் அப்படித்தான் விளங்கியிருந்தது.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் பேச்சு பரவிவிட்டது.

"ஷாமிலா அம்மா இனி டவுன்காரி. தேயிலத்தூள கடையிலதான் வாங்கணும். எங்களுக்கும் ஒரு பாக்கட் வாங்கியாங்க," என்றாள் அழகம்மா.

"நீ பறிச்ச தூளா? அத எவ குடிப்பா?" என்றார் அக்கா. நிறுக்கிறவர்கூடச் சிரித்தார்.

நான் தோட்டத்து ஆபீசில் கூட்டித் துடைக்கிற வேலை செய்கிறேன். தபால்காரர் லயங்களுக்கு ஏறி வருவதில்லை. எல்லாக் கடிதத்தையும் ஆபீசில் போட்டுவிட்டுப் போவார். பதிவுத் தபால் என்றால் அங்கேயே யாராவது கையெழுத்து வைப்பார்கள். மாசி மாதம் ஒரு நாள் கஜேந்திரன் கிளாக்கர் ஒரு நீட்டு உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"செக்ரோல்ல இருந்ததே ஒரு வேலாயி. அது செத்து ரெண்டு வருசமாச்சு. இப்ப யாரு அதுக்குக் கடுதாசி போடுறா? அது மகன் வந்தா குடுப்போம்."

உறையை அலுமாரி மேலே போட்டார். பேர் சிங்களத்தில் எழுதியிருந்தது; எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. வேலாயி என்றதும் அந்தச் செத்துப்போன வேலாயியின் முகம்தான் வந்தது. ஷாமிலா அம்மா நினைவுக்கு வரவே இல்லை. வந்திருந்தாலும் கிளாக்கரிடம் கேட்டிருப்பேனா என்று சொல்ல முடியாது. ஆறு வருடத்தில் அவரிடம் நானாக ஒன்றுமே கேட்டதில்லை.

சித்திரை வருடப்பிறப்புக்கு வந்த ஷாமிலாவும் அக்காவும் கினிகத்தேனைக்குப் போனார்கள். அந்த வீட்டு ஜன்னலில் புதிய திரை தொங்கியது. கதவைத் திறந்தது யாரோ ஒரு பெண். லோயரிடம் போனபோது அவர் தபாலோடு போய்த் திரும்பிவந்த ஒரு சிவப்பு அட்டையைக் காட்டினார். பதிவுத் தபாலில் அறிவிப்பது, கிடைத்து முப்பது நாளில் மீதியைக் கட்டி வீட்டை எழுதிக்கொள்வது, தவறினால் வேறு ஆளுக்கு விற்பது என்று உடன்படிக்கையில் இருந்ததாம். கிடைத்ததற்கு அட்டையில் தோட்டத்து ஆபீஸ் கையெழுத்து இருந்தது. முற்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது.

மறுநாள் இரண்டு பேரும் ஆபீஸ் ஜன்னலில் வந்து நின்றார்கள்.

"நீ வேலம்மாதானே? எப்ப வேலாயி ஆன?" என்றார் கிளாக்கர்.

"பொறந்ததுலேருந்துங்க."

"அத முன்னாலயே வந்து சொல்லியிருக்கணும்."

உறையை எடுத்துக் கொடுத்தார். வாராவாரம் நான் துடைத்து வைத்ததால் அதில் தூசுகூட இல்லை. அக்கா உறையைப் பார்த்தார், பிறகு என் கையிலிருந்த துணியைப் பார்த்தார்.

"நீ பாத்தியா புள்ள?"

"பாத்தேங்க்கா."

அவ்வளவுதான் கேட்டார். அதற்குப் பிறகு என்னை எங்கேயும் துணைக்குக் கூப்பிடவில்லை. தண்ணீர்க் குழாயில் பார்த்தால் குடத்தை நகர்த்தி எனக்கு இடம் விடுவார்.

மீதிக் காசுக்கு வேறு வீடு தேடினார்கள். அந்த விலைக்குக் கினிகத்தேனையில் வெறும் நிலம்கூடக் கிடைக்கவில்லை. பேர் வெட்ட ஒரு மாதம் இருக்கும்போது ஷாமிலா துணிக்கடையை விட்டுவிட்டு வந்தாள். அன்று சாயங்காலம் அவர்கள் காம்பராவில் சத்தம் கேட்டது.

"டவுன்ல வாடகைக்கு ஒரு ரூம் எடுப்போம்," என்றார் அக்கா.

"யாரு சம்பளத்துலம்மா?"



காலையில் நான் ஆபீஸ் விறாந்தையைக் கூட்டிக்கொண்டிருந்தேன். ஷாமிலா மட்டும் வந்தாள். கொழும்பில் கடைக்குப் போட்ட சப்பாத்தையே போட்டிருந்தாள். அடையாள அட்டையை ஜன்னலில் வைத்தாள். கிளாக்கர் பார்த்துச் செக்ரோலில் எழுதினார்.

"திங்கக்கெழம பெரட்டுக்கு வந்துரு. ஆறு மணிக்குப் பேர் கூப்புடுவாங்க."

"சரிங்க."

திரும்பும்போது நான் கூட்டி வைத்திருந்த குப்பையைச் சுற்றிக் கடந்து படியிறங்கினாள். காம்பரா அவர்களிடமே இருக்கிறது.